நமத்துப் போகாத ஒரு மெக்சிகோ தாம்பாளம்

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸ் பக்கம் இருக்கிறீர்கள். டிசம்பர் விடுமுறையில் வீட்டுக்குப் பதினைந்து பேர் வருகிறார்கள், பாதிப் பேர் சைவம். மெக்சிகோ பாணியில் ஒரு ஸ்நாக் போர்டு, அதாவது தீனித் தாம்பாளம், வைக்க ஆசை. போன வருடம் வைத்தபோது சிப்ஸ் அரை மணி நேரத்தில் நமத்துப் போய், அவகாடோ மசித்துச் செய்யும் குவாக்கமோலே கறுத்து, கடைசியில் பீட்சா வரவழைத்துச் சமாளித்தீர்கள். எதை வாங்குவது, எதைக் கையால் செய்வது, எங்கே தப்பு நடந்தது?

நான் ஏழு வருடம் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் வாடகை வீட்டில் இருந்தேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா. அந்த ஊரில் டிசம்பர் 12, குவாதலூப்பே மாதா திருநாளில் தொடங்கினால் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் நாள் வரைக்கும் கொண்டாட்டம் ஓயாது, அதை அவர்களே ‘குவாதலூப்பே-ரேயெஸ் மாரத்தான்’ என்று கேலி செய்வார்கள். நடுவில் 16 முதல் 24 வரை ஒன்பது இரவும் போசாதா. மரியாளும் சூசையும் தங்க இடம் கேட்டு அலைந்ததைப் பாட்டாகப் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் வாசலில் நிற்கும், இன்னொரு கூட்டம் உள்ளே இருந்து ‘இடம் இல்லை, போ’ என்று பதிலுக்குப் பாடும், கடைசியில் கதவு திறக்கும், பிள்ளைகள் மிட்டாய் நிரப்பித் தொங்கவிட்ட பின்யாத்தா பொம்மையை அடித்து உடைப்பார்கள், அப்புறம் தீனி. இந்த ஒன்பதில் ஒன்றிரண்டு எங்கள் கட்டடத்தில் விழும், தாம்பாளம் அடுக்குகிற வேலை என் தலையில் விழும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் விஷயம், நெட்டில் வரும் படங்களை மறந்துவிடுங்கள். பலகை முழுக்க இடைவெளியே இல்லாமல் இருபத்தைந்து ஐட்டம் கொட்டிக் கிடக்கும் படம், எடுத்து முடித்த பத்து நிமிடத்தில் எப்படி ஆகியிருக்கும் என்று யாரும் போடுவதில்லை. மெக்சிகோவில் இந்த வகைத் தீனிக்கு போத்தானா என்று பேர். ஒரு கையில் குடிக்க ஏதாவது இருக்கும், நின்றபடி பேசிக்கொண்டே மற்ற கையால் எடுத்துத் தின்பது. பல ஊர் மதுக்கடைகளில் பானம் வாங்கினால் போத்தானா சும்மாவே வரும், இரண்டாவது பானத்துக்கு இன்னும் கொஞ்சம் நல்லதாக வரும். ஆக ஒரு கையால் எடுக்க முடியாத எதுவும் தாம்பாளத்தில் வேண்டாம். இந்த ஒரு கணக்கிலேயே பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

இரண்டாவது, மஞ்சள் சீஸ். பம்பில் அமுக்கினால் வழியும் அந்தத் திரவத்தைத்தான் நிறைய பேர் மெக்சிகோ என்று நினைக்கிறார்கள். அதை ஊற்றித் தரும் நாச்சோவை முதலில் கண்டுபிடித்தவர் ஓட்டலில் வேலை பார்த்த இக்னாசியோ அனாயா என்பவர். 1940களின் தொடக்கத்தில், டெக்சாஸ் எல்லையை ஒட்டிய பியத்ராஸ் நெக்ராஸ் ஊரில், ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து சாப்பிட வந்த அமெரிக்கப் பெண்களுக்காக, சமையல்காரர் இல்லாத நேரத்தில் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியது: பொரித்த தோர்த்தியா (சோள ரொட்டி) துண்டு, அதன் மேல் உண்மையான சீஸ், ஒரு துண்டு ஹாலபேன்யோ மிளகாய் ஊறுகாய், ஓவனில் ஒரு சூடு. இக்னாசியோவைச் செல்லமாகக் கூப்பிடுவது ‘நாச்சோ’, அதுவே பேராகிவிட்டது. வழியும் மஞ்சள் சீஸ் வந்ததோ 1976இல், உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஆர்லிங்டன் பேஸ்பால் மைதானத்தில். அது உங்கள் ஊர்ப் பலகாரம், ஆசையாக இருந்தால் தனியாக வையுங்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள். சிப்ஸ் மேல் மட்டும் ஊற்றாதீர்கள்.

இப்போது நமத்துப் போன கதை. சிப்ஸ் நமத்ததற்குக் காரணம் சிப்ஸ் இல்லை, பக்கத்தில் இருந்தவர்கள். வெட்டிய தக்காளி, பழம், எலுமிச்சைத் துண்டு எல்லாவற்றையும் ஒரே பலகையில் சிப்ஸோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். உப்பு பட்டதும் தக்காளி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீர் பலகையில் ஓடி நேராக மொறுமொறுப்பைத் தேடிப் போகும். நானும் முதல் வருடம் இதையேதான் செய்தேன். வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. நமத்த சிப்ஸை அப்படியே வழித்து ஒரு டப்பாவில் போட்டு மூடி உள்ளே கொண்டுபோனார். ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

அதனால் ஈரமானது எல்லாம் கிண்ணத்தில், காய்ந்தது மட்டும் நேரடியாகத் தாம்பாளத்தில், பழம் முழுக்கத் தனித் தட்டில். இது மட்டும் சரியாக இருந்தால் மூன்று மணி நேரம் தாங்கும்.

சரி, சிப்ஸ். அங்கே தோத்தோப்போ என்பார்கள், கடிக்கும்போது வரும் சத்தத்தை ஒட்டிய பழைய நாவாட்ல் மொழிச் சொல். பதினைந்து பேருக்குச் சோளத் தோர்த்தியா அறுபது வாங்குங்கள், கோதுமை வேண்டாம். முந்தின இரவே பையிலிருந்து எடுத்து ஒரு துணி மேல் பரப்பிவிடுங்கள். காலையில் ஓரம் விறைத்து வளைந்திருக்கும். இப்படிக் காய்ந்ததைத்தான் பொரிக்க வேண்டும், ஈரப்பதத்தோடு போட்டால் எண்ணெய் குடித்துத் தோல் மாதிரி ஆகும். ஒவ்வொன்றையும் ஆறாக வெட்டி, 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குமிழ் அடங்கும்போது எடுத்து, சூட்டிலேயே உப்பு தூவுங்கள். கடைச் சிப்ஸ் வாங்கினாலும் குற்றம் இல்லை, தடிமனாகப் பார்த்து வாங்குங்கள், வாங்கியதை வைக்கும் முன் 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஐந்து நிமிடம் காட்டினால் உயிர் வரும்.

இந்தத் தோர்த்தியா மாவில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருள் இருக்கிறது, சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்புதான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோல் கழற்றி அரைப்பார்கள். அப்போதுதான் மாவு பிசைந்தால் ஒட்டும், அதோடு சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்புக்குக் கிடைக்கும். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள், அதையே முழுநேரச் சாப்பாடாகத் தின்ற வட இத்தாலி ஏழைகளுக்கு பெல்லாக்ரா நோய் வந்ததற்கு அதுதான் காரணம். இதைப் படிக்கிறவர்கள் யாராவது சென்னையில் இருந்தால் கவனியுங்கள், மளிகைக் கடை மக்காச்சோள மாவில் தோர்த்தியா தட்டினால் விண்டு போவதற்கும் இதே காரணம்தான். சுண்ணாம்பு பார்த்த மாவு ‘மாசா ஹரீனா’ என்ற பேரில் தனியாக விற்கும்.

தாம்பாளத்தின் உயிர் சல்சாவில், நம் சட்னி மாதிரி தொட்டுக்கொள்வதில், இருக்கிறது. மற்ற எல்லாம் வாங்கிய பொருளாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு சல்சாவை மட்டும் கையால் செய்துவிடுங்கள். ஒன்று பச்சை, புளிப்பு. இன்னொன்று எண்ணெய்ச் சல்சா, கரகரவென்று.

பச்சைச் சல்சாவுக்குத் தொமாத்தியோ ஒரு கிலோ. வயல் வரப்பில் சொடக்குத் தக்காளி பறித்து நெற்றியில் அடித்து உடைத்திருப்பீர்களே, அதே இனம், கொஞ்சம் பெரிய அண்ணன், மேலே காகித உறை மாதிரி தோல் இருக்கும். உறையை உரித்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், வெந்நீரில் கழுவிவிடுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் தொமாத்தியோ, நான்கு செர்ரானோ மிளகாய், ஒரு வெள்ளை வெங்காயம் பாதியாக, தோலோடு நான்கு பல் பூண்டு எல்லாவற்றையும் வைத்துக் கருகல் புள்ளி விழும்வரை புரட்டுங்கள். தொமாத்தியோ பளீர்ப் பச்சையிலிருந்து ராணுவப் பச்சைக்கு மாறும், லேசாக வெடித்துச் சாறு கசியும், அதற்கு மேல் விட்டால் கரைந்துவிடும். பூண்டின் தோலை நீக்கி எல்லாவற்றையும் கொரகொரவென்று அரைத்து, கடைசியில் ஒரு பெரிய கைப்பிடி கொத்தமல்லியும் உப்பும் போட்டு ஒரே சுற்று. ஆறினதும் கெட்டியாகி ஜெல்லி மாதிரி நிற்கும், தொமாத்தியோவில் பெக்டின் அதிகம், அதனால் பயப்படாமல் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். முந்தின நாளே செய்துவைக்கலாம்.

அரைக்கிற விஷயத்தில் ஒன்று. அங்கே மூன்று கால் வைத்த எரிமலைக் கல் உரல் ஒன்று உண்டு, மொல்கஹேத்தே. புதிதாக வாங்கினால் பச்சரிசியைப் போட்டு மாவு வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப அரைத்துக் கொட்டிக் கல் தூள் எடுக்க வேண்டும். புது ஆட்டுக்கல்லை நம் பாட்டிகள் எப்படிப் பழக்கினார்களோ அப்படியே. அதில் அரைத்த சல்சாவின் ருசி மிக்ஸியில் வராது என்று வீட்டுக்காரம்மா சொல்வார், ஆனால் அவரே ஆள் அதிகம் வந்தால் மிக்ஸிதான் ஓட்டுவார்.

எண்ணெய்ச் சல்சாவுக்கு சல்சா மாச்சா என்று பேர், வேராக்ரூஸ் மாநிலத்து ஒரிசாபா பக்கத்துச் சரக்கு. முதல் முறை ருசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இட்லி மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்த மாதிரியே இருந்தது, பருப்புக்குப் பதில் வேர்க்கடலை, அவ்வளவுதான். ஒன்றரை கப் எண்ணெயை மிதமான சூட்டில் வைத்து, அரை கப் வேர்க்கடலையைப் பொன்னிறமாக வறுத்து எடுங்கள், அடுத்து ஐந்து பல் பூண்டு, பிறகு இரண்டு மேசைக்கரண்டி எள். இதையெல்லாம் எடுத்து அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மிளகாயைப் போட வேண்டும். விதை நீக்கிய குவாஹியோ எட்டு, அது நிறத்துக்கும் மணத்துக்கும், காரம் குறைவு. ‘சிலே தே ஆர்போல்’ பதினைந்து, அதுதான் உறைப்பு. மிளகாய் அந்த மிச்சச் சூட்டிலேயே இருபது நொடியில் உப்பி நிறம் மாறும், எடுத்துவிடுங்கள், கறுத்தால் மொத்தமும் கசக்கும், மீட்க வழியே இல்லை. ஆறியதும் எல்லாவற்றையும் எண்ணெயோடு கொரகொரப்பாக அரைத்து, உப்பும் ஒரு கரண்டி வினிகரும் சேர்த்துப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூண்டு எண்ணெயில் கிடக்கும் எதையும் வெளியே நாள்கணக்கில் வைக்கக் கூடாது, சில நாட்களிலேயே தீர்த்துவிடுங்கள். இதைச் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவும். நான் அடுப்பை அணைக்க மறந்த ஒரு நாள் மாடிப்படி முழுக்க நெடி ஏறி, மூன்றாவது மாடிக்காரர் வரைக்கும் இருமிக்கொண்டே கதவைத் திறந்து பார்த்தார். நம் வீட்டில் மிளகாய் கருகினால் அக்கம்பக்கத்தில் ‘யாருக்குச் சுற்றிப் போட்டீர்கள்’ என்று கேட்பார்கள், அங்கே ‘சாப்பிட எப்போது வரலாம்’ என்று கேட்டார்.

குவாக்கமோலே. ஆளுக்கு அரைப் பழம் கணக்கு, ஹாஸ் அவகாடோ எட்டு. நான்கு நாள் முன்னால் கல் மாதிரி இருக்கும்போதே வாங்குங்கள், விருந்தன்று போய்ப் பழுத்ததைத் தேடினால் கிடைப்பதெல்லாம் ஊர் அமுக்கிப் பார்த்ததாக இருக்கும். காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள், காம்பருகே அமுக்கினால் லேசாகக் கொடுக்கும் பதத்தில் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். செய்முறையில் ஒரே நுணுக்கம்தான், வெங்காயம் கொஞ்சம், மிளகாய், கொத்தமல்லி, கல்லுப்பு நான்கையும் முதலில் நசுக்கி விழுதாக்கிக்கொண்டு, அதன் மேல் பழத்தைப் போட்டுக் கட்டிகட்டியாக மசித்து, மீதி வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தூவுவது. பூண்டு, சீரகத்தூள், மயோனைஸ் எதுவும் வேண்டாம். கொட்டையை உள்ளே போட்டு வைத்தால் கறுக்காது என்பது வெறும் நம்பிக்கை, கொட்டைக்கு அடியில் காற்று படாத இடம் மட்டும் பச்சையாக இருக்கும். கறுப்பது காற்றால். பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பில் குமிழ் இல்லாமல் ஒட்டி அழுத்தி மூடுங்கள், விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு செய்யுங்கள். அப்புறம், எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் வெளியே வைக்காதீர்கள். பாதியை உள்ளே வைத்துவிட்டு, காலியானதும் கொண்டுவந்து வைத்தால் கடைசி ஆளுக்கும் பச்சையாகக் கிடைக்கும்.

பீக்கோ தே காயோ பற்றி ஒரு கதை சொல்லிவிடுகிறேன். ‘சேவல் அலகு’ என்று அர்த்தம். உலகம் முழுக்க அது நறுக்கிய தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி. முதல் போசாதாவுக்கு ‘நீ பீக்கோ தே காயோ செய்துவிடு’ என்று வீட்டுக்காரம்மா சொன்னார், நான் ஒரு கிலோ தக்காளியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொண்டுபோனேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இது சல்சா மெஹிக்கானா ஆச்சே’ என்றார். குவாதலஹாரா இருக்கும் ஹலீஸ்கோ மாநிலத்தில் பீக்கோ தே காயோ என்றால் ஹீக்கமாக் கிழங்கு, ஆரஞ்சு, வெள்ளரி நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய பழக்கலவை. அன்றைக்கு இரண்டும் இருந்தது, தக்காளி முதலில் தீர்ந்தது, அதனால் தப்பித்தேன்.

நீங்கள் இரண்டையும் வையுங்கள். தக்காளி வகையைக் கடைசி அரை மணியில் கலந்து, வடிகட்டியில் ஐந்து நிமிடம் போட்டுத் தண்ணீரை இறக்கிய பிறகு கிண்ணத்துக்கு மாற்றுங்கள். பழ வகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மாம்பழம் வாங்க வேண்டாம், டிசம்பரில் கிடைப்பது பேருக்குத்தான் மாம்பழம். அந்த மாதத்துக்கு உரியது ஹீக்கமா, மாண்டரின் ஆரஞ்சு, கொய்யா, கரும்பு. ஹீக்கமா வெளியே பழுப்பாக உருளைக்கிழங்கு மாதிரி, உள்ளே வெள்ளை, தண்ணீர்ச் சத்து, பச்சையாகக் கடிக்கலாம். விரல் நீளத்துக்கு நறுக்கிக் குவளையில் நிறுத்தி வைத்தால் எடுக்க வசதி. மேலே தூவ தஹீன் பாட்டில் எந்தக் கடையிலும் இருக்கும், 1985இல் ஹலீஸ்கோவில் தொடங்கிய கம்பெனி, மிளகாய், எலுமிச்சை, உப்பு மூன்றும் சேர்ந்த தூள். மெரினாவில் மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாயும் தடவித் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சைவக்காரர்களுக்காக முக்கியமான எச்சரிக்கை: ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரீத்தோஸ் என்ற மசித்த பீன்ஸ், டப்பாவில் வருவது பலதும் பன்றிக் கொழுப்பில் செய்தது. தமாலே என்ற ஆவியில் வேகும் சோளக் கொழுக்கட்டை மாவிலும் அதே கொழுப்பு இருக்கும். லேபிளில் ‘மந்தேக்கா’ அல்லது ‘லார்ட்’ என்று இருந்தால் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள். பீன்ஸை வீட்டிலேயே செய்வது சுலபம், அரைக் கிலோ பின்ட்டோ பீன்ஸைக் குக்கரில் வெங்காயத்தோடு குழைய வேகவைத்து, எண்ணெயில் வெங்காயம் நன்றாகச் சிவந்ததும் போட்டு மசித்து, மரக்கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரியும் பதத்தில் இறக்குங்கள். ஆறினால் இறுகும், கொஞ்சம் தளரவே இருக்கட்டும். மேலே கேசோ ஃப்ரெஸ்கோ என்ற புதுச் சீஸை உதிர்த்துப் போடுங்கள், கிடைக்காவிட்டால் உப்பு பிசறிய பன்னீர் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். சீஸில் ரென்னெட் (கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள்) இருக்கிறதா என்று பார்க்கிற நண்பர்கள் இருந்தால் பன்னீரே நல்லது.

அசைவத்துக்கு ஒன்றே ஒன்று போதும், கோழி தீங்கா. வேகவைத்துப் பிய்த்த கோழியை, நிறைய வெங்காயம், தக்காளி, டப்பாவில் வரும் சிப்போத்லே மிளகாய் இரண்டு மூன்று சேர்த்து வதக்குவது, புவேப்லா ஊர்ச் சமையல். சிப்போத்லே என்பது பழுத்த ஹாலபேன்யோவைப் புகைபோட்டு உலர்த்தியது, அந்தப் புகை வாசம்தான் தீங்கா. தொஸ்தாதா என்ற சின்னச் சின்ன மொறுமொறு தோர்த்தியாக்களைப் பக்கத்தில் அடுக்கி வையுங்கள், வருகிறவர்களே ஒரு கரண்டி வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் முன்கூட்டியே வைத்தால் அதுவும் நமத்துவிடும். இறால் செவீச்சே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை இறாலை ஹாலில் மணிக்கணக்கில் வைத்துவிட்டு யாருக்கு என்ன ஆகுமோ என்று யோசித்துக்கொண்டே விருந்து நடத்த முடியாது.

கொறிக்கிற பகுதிக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். தோலோடு வேர்க்கடலை அரைக் கிலோ, பத்துப் பல் பூண்டு, ஒரு பிடி ஆர்போல் மிளகாய், கொஞ்சம் எண்ணெயில் மெல்லிய தீயில் இருபது நிமிடம் புரட்டி உப்புப் போட்டால் போதும். கடைசியில் அந்த வறுத்த பூண்டுக்குத்தான் சண்டை வரும். இன்னொரு கிண்ணத்தில் ‘ஜப்பான் கடலை’, கக்கவாத்தேஸ் ஹப்போனேசெஸ். பேருக்குத்தான் ஜப்பான், மெக்சிகோ நகரில் குடியேறியிருந்த நகதானி என்ற ஜப்பானியர் 1940களில் சோயா சாஸ் சேர்த்த மாவுப் பூச்சோடு செய்து விற்கத் தொடங்கியது, இன்றைக்கு அது முழு மெக்சிகோக்காரன். கடலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. விழுப்புரம், கடலூர் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்கிறோமே, அது மணிலாக்கொட்டை தேய்ந்து வந்த பேர். மெக்சிகோவின் அகப்புல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் நடுவில் 1565 முதல் 1815 வரை கப்பல் ஓடியது. போன கப்பலில் கடலை மாதிரி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு ஆசியாவுக்குப் போனது, வந்த கப்பலில் ஆசியாவின் மாம்பழமும் புளியும் மெக்சிகோவுக்கு வந்தன. அங்கே இன்றும் ஒரு மாம்பழ வகைக்கு மணிலா என்றுதான் பேர். அதனால் மிளகாயும் உப்பும் போட்ட புளி மிட்டாயைத் தாம்பாளத்தில் ஓர் ஓரமாக வைத்தால் கூட்டத்தில் ஒருவருக்காவது பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வரும்.

கூடவே சக்கர வடிவக் கோதுமை வத்தல், துரோஸ். காய்ந்த வில்லையாக வாங்கி எண்ணெயில் போட்டால் மூன்று மடங்கு உப்பும், நம் கலர் வத்தலின் அக்கா. மேலே எலுமிச்சையும் வாலெந்தீனா சாஸும். சாஸை ஊற்றி வைக்காமல் பாட்டிலோடு பக்கத்தில் நிறுத்துங்கள், ஊற்றிய கையோடு தின்றால்தான் ருசி.

சூடாக ஒன்று வேண்டுமென்றால் எஸ்கீத்தெஸ், குவாதலஹாராவில் ‘கோப்பைச் சோளம்’ என்றே கேட்பார்கள். உதிர்த்த சோளத்தை வெண்ணெயில் வதக்கி, சின்னக் காகிதக் கோப்பையில் மயோனைஸ், உதிர்த்த கொத்திஹா சீஸ், மிளகாய்த்தூள், எலுமிச்சை. அங்கே சோளம் வெள்ளையாக, மாவுத்தன்மையோடு இருக்கும், இனிக்காது. உங்களுக்குக் கிடைக்கும் இனிப்புச் சோளத்துக்கு எலுமிச்சையைக் கொஞ்சம் தாராளமாகப் பிழியுங்கள்.

இனிப்புக்கு எதையும் சுடாதீர்கள், வாங்குங்கள். பலங்கேத்தா என்று கேட்டால் அச்சு அசல் கடலை மிட்டாய் கொடுப்பார்கள். அலெக்ரியா என்பது பொரித்த கீரை விதையை வெல்லப் பாகில் பிடித்த கட்டி, பேருக்கு அர்த்தம் ‘சந்தோஷம்’. மசாப்பான் என்ற வேர்க்கடலைப் பொடி வில்லை தாளைப் பிரிக்கும்போதே உதிரும், உடையாமல் பிரிக்கிறவர் யார் என்று குழந்தைகளிடம் பந்தயம் வைக்கலாம், கால் மணி நேரம் அமைதியாக இருப்பார்கள்.

அடுக்கும்போது ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். மெக்சிகோ மண்கிண்ணம் அழகாக இருக்கிறதே என்று பழைய மினுமினுப்புப் பூச்சுப் பாத்திரத்தில் சல்சா ஊற்றாதீர்கள். பழைய முறை மெருகில் ஈயம் சேர்ப்பார்கள், எலுமிச்சைப் புளிப்பு அதைக் கரைத்து இழுக்கும். ‘சின் ப்ளோமோ’ (ஈயம் இல்லை) என்று எழுதியிருந்தால்தான் சாப்பாட்டுக்கு, இல்லையென்றால் எலுமிச்சைத் தோலும் கடலைத் தொலியும் போட வைத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணாடிக் கிண்ணம்தான் வைப்பேன். முதலில் கிண்ணங்களைத் தாம்பாளத்தில் தள்ளித் தள்ளி வைத்து, பிறகு நடுவில் தோத்தோப்போவைக் குவியுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் பாதிதான். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனிக் கரண்டி, எலுமிச்சை பத்தாவது நறுக்கி வையுங்கள், எவ்வளவு வைத்தாலும் பத்தாது. காரம் அதிகமான கிண்ணம் எது என்று சொல்லிவிடுங்கள், மாச்சாவைத் தக்காளி என்று நினைத்து ஒரு குழந்தை அள்ளிவிட்டால் அதோடு விருந்து முடிந்தது.

நேரக் கணக்கு சுருக்கமாக: நான்கு நாள் முன்னால் அவகாடோ, மாச்சா, கடலை. முந்தின நாள் பச்சைச் சல்சா, பீன்ஸ், தீங்கா, தோர்த்தியா காயவைப்பது. அன்று காலை பொரிக்கிற வேலை. மதியம் ஹீக்கமா நறுக்கித் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில். கடைசி ஒரு மணியில் குவாக்கமோலே, கடைசி அரை மணியில் தக்காளி. குடிக்க ஜமைக்கா தண்ணீர் ஒரு ஜாடி போதும், நம் புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லி இதழை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிச் சர்க்கரை போட்டது. துணியில் பட்டால் கறை போகாது.

ஊரில் இருந்து செய்கிறவர்களுக்கு: தொமாத்தியோவுக்குப் பதில் கெட்டியான பச்சைத் தக்காளிக்காயும் கூடுதல் எலுமிச்சையும், குவாஹியோவுக்கு பியாட்கி மிளகாய், ஆர்போலுக்குச் சாதாரண வரமிளகாய், ஹீக்கமாவுக்கு இளசான நூக்கல். கொடைக்கானல் பக்கத்து வெண்ணெய்ப்பழம் ஹாஸைவிடத் தண்ணீராக இருக்கும், மசிக்காமல் துண்டுகளாகவே விடுங்கள்.

வீட்டுக்காரம்மா நமத்த சிப்ஸை ஏன் எடுத்துப் போனார் என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா. மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டிக் கூப்பிட்டார். அகலமான வாணலியில் மிச்சப் பச்சைச் சல்சா கொதித்துக்கொண்டிருந்தது. டப்பாவில் இருந்த சிப்ஸை அதில் கொட்டி இரண்டே புரட்டு, தட்டில் போட்டு மேலே பாலாடை, உதிர்த்த சீஸ், வட்டமாக நறுக்கிய வெங்காயம், ஓர் ஆஃப் பாயில். சிலாக்கிலெஸ் என்று பேர். அதற்கு நமத்த தோத்தோப்போதான் சரிப்படுமாம், சாறு நன்றாக ஏறும் என்றார். அதனால் பச்சைச் சல்சா மட்டும் கொஞ்சம் அதிகமாகவே செய்து எடுத்து வையுங்கள்.